மஞ்சள் சுவருக்கு எதிர்மூலையில்: டார்ட்மண்டில் ஒரு வெளியூர் ஆட்டம்

ஞாயிறு. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்

செவ்வாய்க்கிழமை இரவு 9 மணிக்கு ஆட்டம். ஜெர்மனியின் டார்ட்மண்டில், ஐரோப்பியக் கிளப்களின் பெரிய கால்பந்துப் போட்டியான சாம்பியன்ஸ் லீக். டிக்கெட் கைக்கு வந்துவிட்டது என்பது பாதிக் கிணறு தாண்டிய கதைதான். வெளியூர் ஆட்டத்துக்குப் போகிற ரசிகர்கள் கோட்டை விடுவது அந்த 90 நிமிடத்தில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் கிடக்கிற ஆறேழு மணி நேரத்தில். அதனால் இந்தக் குறிப்புகளில் பந்தைவிடக் கடிகாரம்தான் அதிகம் வரும்.

முதலில் டிக்கெட்டை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மைதானத்தின் பெயர் 'பிவிபி ஸ்டேடியன் டார்ட்மண்ட்' என்றிருக்கும். வரைபடத்தில் தேடினால் 'சிக்னல் இடூனா பார்க்' என்று வரும். ஊர்க்காரர்களிடம் வழி கேட்டால் 'வெஸ்ட்ஃபாலன்ஸ்டேடியன்' என்பார்கள். மூன்றும் ஒரே இடம். சிக்னல் இடூனா ஒரு காப்பீட்டு நிறுவனம். மைதானத்துக்குத் தன் பெயரை வைக்கும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் விளம்பரத்தை ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் அமைப்பான யூஇஎஃப்ஏ தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை, அதனால் அந்த இரவுகளுக்கு மட்டும் பெயர் மாறுகிறது. போலி டிக்கெட்டோ என்று பதற வேண்டாம்.

அடுத்து, 'ஷ்டேப்ளாட்ஸ்' என்றிருக்கிறதா, 'ஸிட்ஸ்ப்ளாட்ஸ்' என்றிருக்கிறதா? முன்னது நிற்கும் இடம், பின்னது நாற்காலி. ஐரோப்பியப் போட்டிகளில் நெடுங்காலம் எல்லோரும் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2022-23 பருவத்தில் ஜெர்மனி, இங்கிலாந்து, பிரான்ஸ் மூன்றிலும் நிற்கும் இடங்களைச் சோதனை முறையில் திறந்துவிட்டார்கள். அதற்கு முன் இங்கே ஐரோப்பிய ஆட்டமென்றால் சுமார் 66,000 பேர்தான்; இப்போது உள்நாட்டு ஆட்டம் போலவே 81,365. சும்மா எண்ணிக்கை இல்லை இது. கூடுதலாக வரும் அந்தப் பதினைந்தாயிரம் பேரும் ஆட்டம் முடிந்ததும் அதே தெருக்களில்தான் இறங்குவார்கள்.

வருகிற அணியின் ரசிகர்களுக்குக் கொள்ளளவில் குறைந்தது 5 சதவீதத்தைத் தனியாக ஒதுக்க வேண்டும் என்பது யூஇஎஃப்ஏ விதி. இங்கே அது நாலாயிரத்துச் சொச்சம். இந்த டிக்கெட்டை விற்பது டார்ட்மண்ட் இல்லை, நம் கிளப். பெரும்பாலான பெரிய கிளப்கள் முன்பு எத்தனை வெளியூர் ஆட்டங்களுக்குப் போயிருக்கிறீர்கள் என்ற புள்ளிக் கணக்கை வைத்து வரிசைப்படுத்தும். விலைக்கும் உச்சவரம்பு உண்டு: சாம்பியன்ஸ் லீக்கில் 2024-25இல் 60 யூரோ, 2025-26இல் 50 யூரோ. இருநூறு, முந்நூறு கேட்கிற ஆள் கள்ளச் சந்தைக்காரர், சந்தேகமே வேண்டாம். அதைவிட மோசம், உள்ளூர் ரசிகர்கள் பகுதியில் ஒரு டிக்கெட்டை எப்படியோ வாங்கி நம் ஜெர்சியோடு போய் நிற்பது. வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். உள்ளே போன பிறகும் வெளியேற்றலாம். பணம் திரும்பாது.

விசா வேண்டியவர்களுக்கு ஒரு கணக்கு. யார் யாரோடு ஆடுவது என்ற குலுக்கல் ஆகஸ்ட் கடைசியில் நடக்கிறது, தேதிகள் ஓரிரு நாளில் வெளியாகின்றன, முதல் ஆட்டங்களோ செப்டம்பரிலேயே. ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். அதற்கான சந்திப்பு நேரம் கிடைப்பது தனிப் பாடு. ஏற்கெனவே பலமுறை நுழையும் விசா இல்லாதவர்கள் செப்டம்பர் ஆட்டத்தை விட்டுவிட்டு நவம்பரையோ ஜனவரியையோ குறிவைப்பதே புத்திசாலித்தனம். லீக் கட்டத்தில் ஒரு அணிக்கு எட்டு ஆட்டம், அதில் நான்கு வெளியூர். விண்ணப்பத்தோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும்.

இன்று இரவு பை கட்டும்போது ஒரு ஏ4 தாளை எடுத்துப் பையின் மேல் வையுங்கள். ஆட்டத்துக்குக் கொண்டுபோகும் பை அந்தத் தாளைவிடப் பெரிதாக இருந்தால் அது அறையிலேயே இருக்கட்டும். வாசலில் பாதுகாப்பாளரிடம் கெஞ்சுவதில் பயனில்லை. அவருக்குச் சொல்லப்பட்டிருப்பது அந்த அளவு ஒன்றுதான்.

பெரிய பேனர் கொண்டுபோகிறவர்கள் இதற்குள் நம் கிளப்பின் ரசிகர் தொடர்பு அலுவலரிடம் அளவும் படமும் அனுப்பியிருக்க வேண்டும். இப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது 2012-13 பருவத்திலிருந்து யூஇஎஃப்ஏ உரிம நிபந்தனை. அவர் டார்ட்மண்டின் அலுவலருக்கு அனுப்பி அனுமதி வாங்குவார். ஜெர்மனியில் பெரிய துணிகளுக்குத் தீத்தடுப்புச் சான்று கேட்பார்கள். 'டின் 4102 பி1' என்று எழுதியிருக்கும் துணிதான் செல்லும். சாதாரணப் பருத்தித் துணியில் இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்தது வாசல் ஓரத்தில் சுருண்டு கிடக்கும்.

திங்கள். போய்ச் சேர்தல்

டார்ட்மண்டுக்குத் தனி விமான நிலையம் உண்டு. சிறியது, ஊருக்குக் கிழக்கே இருக்கிறது, அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு நேர் பஸ் சுமார் 25 நிமிடம். ஆனால் பெரும்பாலானோருக்கு டுசல்டார்ஃப்தான் வசதி. விமான முனையத்திலிருந்து தொங்கும் ஸ்கைட்ரெயினில் ஏறினால் விமான நிலைய ரயில் நிலையம். அங்கே ஆர்இ 1 அல்லது ஆர்இ 6 ரயிலைப் பிடித்தால் டியூஸ்பர்க், எசன், போக்கம் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் டார்ட்மண்ட். எல்லையில் அவகாசம் வையுங்கள்: 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டவரின் கைரேகையையும் முகத்தையும் பதிவு செய்யும் முறையைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவந்தது. முதல்முறை பதிகிறவர்களுக்கு வரிசை மெதுவாகத்தான் நகரும்.

ரயில் டிக்கெட்டில் மூன்று இடத்தில் வழுக்கும். ஒன்று, ஃப்ராங்க்ஃபர்ட் போன்ற தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் வாங்கும் மலிவான 'ஷ்பார்ப்ரைஸ்'. அது குறிப்பிட்ட ஒரே ரயிலுக்குத்தான் செல்லும். விமானம் தாமதமாகி அந்த ரயிலைத் தவறவிட்டால், ரயில்வேக்கும் விமானத்துக்கும் சம்பந்தம் இல்லை, டிக்கெட் போனது போனதுதான். ரயிலே தாமதமாகி, போய்ச் சேருவது 20 நிமிடமாவது தள்ளிப்போகும் என்ற நிலை வந்தால் மட்டும் அந்தக் கட்டுப்பாடு விலகும். வேறு ரயிலில் ஏறலாம். இரண்டு, உள்ளூர் காகித டிக்கெட்டுகளில் சில வகைகளை நடைமேடையில் இருக்கும் சிறிய பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். வாங்கி வைத்திருந்தும் குத்தாமல் ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான், அபராதம் 60 யூரோ. மூன்று, நாடு முழுக்கச் செல்லும் மாதாந்திர 'டாய்ச்லாண்ட் டிக்கெட்'. மூன்று நாள் பயணத்துக்கும் சிலருக்கு அது லாபம்தான். ஆனால் அது சந்தா. அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போகும்.

அறை எங்கே? ரயில் நிலையத்துக்கும் ரைனோல்டி தேவாலயத்துக்கும் நடுவில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்துக்குப் பக்கத்திலேயே வெஸ்ட்ஃபாலன்ஹாலன் கண்காட்சி வளாகம் இருப்பதால், ஆட்டம் ஒரு வணிகக் கண்காட்சி வாரத்தில் விழுந்தால் ஊரில் அறையே இருக்காது. அப்போது போக்கம் பார்க்கலாம், ரயிலில் கால் மணிக்குள். கெல்சன்கிர்ஷனும் தூரமில்லை, அங்கே தங்குவதில் தப்பும் இல்லை. ஆனால் அது டார்ட்மண்டின் பரம எதிரியான, நீலச் சட்டை ஷால்கே கிளப்பின் ஊர். அங்கே வாங்கிய நீல நிற மஃப்ளரைப் போட்டுக்கொண்டு டார்ட்மண்ட் வீதியில் நடப்பதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை. நம் அணியின் நிறமே நீலமென்றால் ஒன்றும் ஆகாது. கிளப் சின்னம் தெரியும்படி போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

மாலையில் நேரம் இருந்தால் யு44 டிராமில் போர்சிக்பிளாட்ஸ் போய்வரலாம். ஆறு தெருக்கள் கூடும் ஒரு வட்டச் சந்திப்பு, அவ்வளவுதான். 1909 டிசம்பர் 19 அன்று, பாதிரியாருக்குப் பிடிக்கவில்லை என்றாலும் கால்பந்து ஆடியே தீருவது என்று முடிவெடுத்த இளைஞர்கள் இதன் அருகே ஒரு மதுக்கடையின் மாடியில் கூடி, 'பிவிபி' என்று சுருக்கிச் சொல்லும் இந்த டார்ட்மண்ட் கிளப்பைத் தொடங்கினார்கள். நம் கொடி, நம் பாட்டு எதுவும் அங்கே வேண்டாம். விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும் இடம் அது.

படுக்கும் முன் ஒரு வேலை: டிக்கெட் செயலியைத் திறந்து, ஆஃப்லைனில் டிக்கெட் தெரிகிறதா என்று பாருங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் திறக்க வேண்டும். எண்பதாயிரம் பேர் கூடும் இடத்தில் நெட் படுத்துக்கொள்ளும். வாசலில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும் போனோடு நிற்பவரை ஒவ்வோர் ஆட்டத்திலும் பார்க்கலாம்.

செவ்வாய். ஆட்டநாள்

காலை சும்மா இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே 2015இல் திறந்த ஜெர்மன் கால்பந்து அருங்காட்சியகம். 1954 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் பந்து அங்கே இருக்கிறது. மழை பெய்தால் நல்ல புகலிடம். மற்றபடி இன்றைய காலைக்கு வேறு அவசரம் இல்லை, நன்றாகத் தூங்குங்கள்.

வெளியூர் ரசிகர்கள் வழக்கமாகக் கூடும் இடம் ஆல்ட்டர் மார்க்ட், அதாவது பழைய சந்தைச் சதுக்கம். காவல்துறை வேறு இடம் ஒதுக்கியிருந்தால் நம் கிளப் முந்தைய நாளே அறிவிக்கும். அதைப் பாருங்கள், பழைய பதிவுகளை நம்பாதீர்கள். கண்ணாடி பாட்டில், கிளாஸ் எதுவானாலும் தெருவில் விடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம் உண்டு. வேண்டாமென்றால் குப்பைத் தொட்டிக்கு வெளியே ஓரமாக வையுங்கள், சேகரிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 9 மணிக்கு ஆட்டமென்றால் 8 மணிக்கு நம் இடத்தில் நிற்க வேண்டும். சோதனை வரிசைக்கு 45 நிமிடம். டிராமும் நடையும் 40 நிமிடம். ஆக, ஆறரை மணிக்குச் சதுக்கத்தை விட்டுக் கிளம்பினால் மூச்சுவிட நேரமிருக்கும். ஏழே காலுக்குக் கிளம்புகிறவர்களும் போய்ச் சேருவார்கள். ஆனால் அந்த நேரத்தில்தான் மொத்த ஊரும் கிளம்புகிறது. பத்து நிமிடத் தாமதம் வாசலில் அரை மணியாகிவிடும்.

ஆட்டநாளில் யு45 டிராம் 'ஸ்டேடியன்' நிறுத்தம் வரை போகும், மற்ற நாளில் அங்கே போவதில்லை. எல்லோரும் அதையே பிடிப்பார்கள். நாம் இறங்க வேண்டியது அதற்கு முந்தைய வெஸ்ட்ஃபாலன்ஹாலன். யு46ம் அங்கே போகும். நம் பகுதி வடக்குக் கேலரியின் கிழக்கு மூலையில் இருப்பதால் அங்கிருந்து நடப்பதே நேர்வழி. கடைசி வரை போய் இறங்கினால் மஞ்சள் சட்டைக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நீந்த வேண்டிவரும். சண்டைக்கு யாரும் வர மாட்டார்கள், நேரம்தான் தின்னும்.

'கேஸ்டே' என்ற பலகையைத் தேடுங்கள். விருந்தினர் என்று பொருள். வெளியூர் ரசிகர்களுக்கு ஜெர்மன் மொழியில் இருக்கும் பெயரே அதுதான். வாசலில் நிற்கும் பாதுகாப்பாளர் 'ஆர்ட்னர்'. ஆணுக்கும் பெண்ணுக்கும் சோதனை வரிசை தனித்தனி. கோட்டின் பொத்தான்களை முன்பே கழற்றி, பையில் உள்ளதை ஒரே கையில் எடுத்துக்கொண்டு, கைகளை விரித்து நில்லுங்கள். பதினைந்து விநாடியில் முடியும். லைட்டரைவிடப் பெரிய எந்தத் தீப்பொருளும் கூடவே கூடாது. மத்தாப்பு கொளுத்துவது வீரம் என்று நினைக்கும் இருபது பேர் எல்லா அணியிலும் உண்டு. அபராதம் கிளப்புக்கு வரும். மறுபடி நடந்தால் அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு டிக்கெட்டே விற்கக்கூடாது என்று தடை வரும். தண்டனை மிச்சமிருக்கும் நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கும் சேர்த்துத்தான்.

ஸ்கேன் செய்யும் இடத்தில் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, குறியீடு தெரியும் பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்து, பச்சை விளக்கு வரும் வரை கையை அசைக்காமல் இருக்க வேண்டும். பனிக்காலத்தில் விரல் மரத்துப்போய்த் திரையைத் தொட்டால் கேட்காது. அதற்குள் போன் தானாக அணைந்துவிடும். அதனால் வரிசையில் சேரும்போதே தானாக அணையும் நேரத்தைப் பத்து நிமிடமாக மாற்றி வையுங்கள். நான்கு பேர் டிக்கெட்டும் ஒரே போனில் இருந்தால் அந்தப் போன் வைத்திருப்பவர் கடைசியாக உள்ளே போக வேண்டும். முதலில் போய்விட்டால் திரும்பி வெளியே வர முடியாது, மற்ற மூவரும் கம்பிக்கு அந்தப் பக்கம்.

உள்ளே போனதும் எதிரே, மூலைவிட்டத்தில், தெற்குக் கேலரி. நிற்பவர்கள் மட்டும் 24,454 பேர், ஒரே சரிவில், மேலே தாழ்ந்த கூரை. மஞ்சள் சுவர் என்று சொல்வது இதைத்தான். அங்கிருந்து கிளம்பும் சத்தம் கூரையில் பட்டு மைதானத்துக்குள்ளேயே திரும்புவதால், நாம் நாலாயிரம் பேர் பாடுவது நமக்கே கேட்காது. பின்வரிசையில் ஒரு பாட்டு, முன்வரிசையில் ஒரு பாட்டு என்று இரண்டாகப் பிரிந்துவிடும். பாட்டைத் தொடங்கும் ஆட்கள் நடுவில் நின்று, கைதட்டலில் தாளத்தைப் பிடித்து, சின்னச் சின்ன வரிகளாகப் பாடினால்தான் நிற்கும். நீளமான பாட்டுகளை ஆட்டத்துக்கு முந்தைய அரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை கான்கிரீட் படியில் மூன்று மணி நேரம் நிற்கும்போது குளிர் முதலில் ஏறுவது உள்ளங்காலில். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ, ஒன்றுக்கு இரண்டு காலுறை. ஒரு அட்டைத் துண்டு கிடைத்தால் காலடியில் போட்டுக்கொள்ளலாம். இடைவேளையில் கழிப்பறை வரிசை பதினைந்து நிமிடத்துக்குள் தீராது. 40ஆவது நிமிடத்தில் போகிறவர் ஒரு கோலைத் தவறவிடலாம், 45இல் போகிறவர் இரண்டாம் பாதியின் தொடக்கத்தைத் தவறவிடுவது நிச்சயம். எது பரவாயில்லை என்பது அவரவர் பாடு. பானக் கோப்பைக்கும் முன்பணம் வாங்குவார்கள். நம் பகுதிக்குள்ளேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆட்டம் 10.50 வாக்கில் முடியும். தோற்றவர் வெளியேறும் நாக்அவுட் கட்டத்தின் இரண்டாம் ஆட்டம் கூடுதல் நேரம், பெனால்டி என்று போனால் பதினொன்றரை தாண்டும். முடிந்ததும் நம்மை உடனே விட மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். உள்ளூர்க் கூட்டம் அதே பாதைகளில் கலையும் வரை அரை மணியோ அதற்கு மேலோ நிறுத்தி வைப்பார்கள். கேட்டைத் தள்ளிப் பயனில்லை. கழிப்பறை காலியாக இருக்கும் ஒரே நேரம் இதுதான், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

விட்டதும் டிராம் வரிசையைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். ஊர் நடுவுக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம், சமதளம், நாற்பது நிமிடம். கிராய்ட்ஸ்ஃபியர்டல் குடியிருப்புப் பகுதி வழியாகத் தெருவிளக்கும் ஆள் நடமாட்டமும் கடைசிவரை இருக்கும். மஃப்ளரைக் கோட்டுக்குள் விட்டுக்கொள்ளலாம். பயத்தால் இல்லை, வெறும் வாய்ப்பேச்சைத் தவிர்க்க. போக்கம், எசன் பக்கம் அறை எடுத்தவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு ரயில்கள் குறைவு என்பதைக் காலையிலேயே பார்த்து, கடைசி மூன்று ரயில்களின் நேரத்தைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் போனில் சார்ஜ் இருக்காது.

புதன். திரும்புதல்

ஆட்டம் முடிந்த இரவே விமானம் பிடிக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டார்ட்மண்ட், டுசல்டார்ஃப் இரண்டு விமான நிலையங்களுக்கும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. விடிகாலை ஆறு மணி விமானம் மலிவாகக் கிடைக்கும். ஒரு மணிக்கு அறைக்கு வந்து மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். மதியத்துக்குப் பிறகான விமானமே சரி. அதுவும், கொஞ்சம் கூடுதலானாலும், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்.

இதற்குக் காரணம் இதே ஊரில் இருக்கிறது. 2017 ஏப்ரல் 11 அன்று மொனாக்கோவுக்கு எதிரான காலிறுதிக்குக் கிளம்பிய டார்ட்மண்ட் அணியின் பஸ் அருகே குண்டுகள் வெடித்தன. தற்காப்பு ஆட்டக்காரர் மார்க் பார்ட்ரா காயமடைந்தார். ஆட்டம் மறுநாள் மாலை 6.45க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அறையும் இல்லாமல் திரும்பும் டிக்கெட்டும் வீணாகி நின்ற மொனாக்கோ ரசிகர்களை, டார்ட்மண்ட் ரசிகர்கள் இணையத்தில் கூப்பிட்டுத் தங்கள் வீடுகளில் தங்கவைத்தார்கள். மறுநாள் மொனாக்கோ 3-2 என்று ஜெயித்தது. மூடுபனி, புயல், வேலைநிறுத்தம் என்று சின்னக் காரணங்களுக்கும் ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போவதுண்டு. ஒரு நாள் அவகாசத்தை விடுப்பிலும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதமும் திருப்பிக் கேட்கலாம்; செயலியிலேயே விண்ணப்பிக்க முடியும். தாமத அறிவிப்பை அப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை. மைதானத்தில் எதையாவது தொலைத்திருந்தால் நேரடியாக அலைய வேண்டாம். நம் கிளப்பின் தொடர்பு அலுவலருக்கு எழுதுங்கள், வெளியூர்ப் பகுதியில் கிடைத்தவற்றைக் கேட்டு வாங்க வழி தெரிந்தவர் அவர்தான்.

வீடு போய்ச் சேர்ந்ததும் கிளப் கணக்கில் இந்த ஆட்டத்துக்கான புள்ளி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் ஸ்கேன் ஆனவர்களுக்கு மட்டுமே புள்ளி கொடுக்கும் கிளப்களும் உண்டு. நண்பருக்கு மாற்றிக் கொடுத்த டிக்கெட்டின் புள்ளி யாருக்கு என்பதையும் விதியில் தேடிப் படியுங்கள். ஏறவில்லையென்றால் அடுத்த வெளியூர் விற்பனை திறப்பதற்குள் எழுதிக் கேட்க வேண்டும். திறந்த பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.